காதர் சுவரைப் பார்த்து நின்றார்

மயிலாப்பூர்
2.12.1996

சிரஞ்சீவி அச்யுதனுக்கு,

அக்கா பத்மாசனியின் ஆசீர்வாதம். வஸுமதிக்கும், நான் இன்னும் பார்க்காத அனிருத்துக்கும் அதைவிடக் கூடுதலாக. இங்கே மழை விட்டபாடில்லை. அத்திம்பேருக்கு ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, குரல் குறையவில்லை.

வஸுமதியின் அம்மாவுக்கு இரண்டாம் முறையும் விசா மறுத்துவிட்டார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குக் கோபம் ஆறவில்லை. போனில் அவள், "தொட்டாலே வழுக்கறது அக்கா, குளிப்பாட்ட பயமா இருக்கு, ஈரத்துணியால துடைச்சு விடறேன்" என்று அழுதாள். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தை. பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லை. கடிதத்தில் எழுதிப் புரியவைக்கிற காரியமும் இல்லை இது. அதனால் கேசட் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பாஞ்சாலியை உனக்கு நினைவிருக்காது. அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து வந்து மந்தைவெளி, மயிலாப்பூர் வீடுகளில் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறவள். நம் பின் போர்ஷனில் குடியிருக்கும் கதிரேசனுக்கும் ஷீலாவுக்கும் பெண் பிறந்திருக்கிறது. அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டுவதைத்தான் எடுத்தோம். எடுத்தவர் காதர், ரங்கநாதன் தெரு பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறவர். ஆரம்பத்தில் ரோஜாப்பூ கொட்டும், நாதஸ்வரம் வாசிக்கும். அதை நீக்கச் சொன்னேன். "அது தானா வர்றதும்மா" என்றுவிட்டார். விளக்கைப் போட்டதும் பாஞ்சாலி, "இன்னா பாய், முகூர்த்தமா நடக்குது? புள்ளைக்குக் கண்ணு கூசுது, அணை" என்றாள்.

மணையில் கால் நீட்டி உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, குழந்தையைக் காலில் குப்புறப் போடுகிறாள். எண்ணெய், பயத்தமாவு, வெந்நீர். முதுகில் தட்டுவது, கையையும் காலையும் குறுக்கே மடக்கி நீட்டுவது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே செய்கிறாள். குழந்தை வீறிட்டு அழும், பயப்பட வேண்டாம். பிறகு சாம்பிராணிப் புகை.

கடைசிப் பகுதியை வஸுமதி இரண்டு முறை பார்க்கட்டும். அவ்வளவு அழுத குழந்தையை ஷீலா மடியில் வாங்கிப் பால் கொடுக்கிறாள். தலையை எந்தக் கையில் தாங்குகிறாள், குழந்தை எப்படி அடங்கித் தூங்குகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் காதர் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து நின்றுகொண்டார். அதனால் படம் கொஞ்சம் விலகியிருக்கும், ஒரு ஓரத்தில் தண்ணீர்க் குடம் தெரியும்.

கேசட் கிடைத்ததும் எழுது.

அன்புடன்,
பத்மாசனி


ஒஹாயோ
29.12.1996

அன்புள்ள அக்காவுக்கு,

அச்யுதனின் நமஸ்காரம். அத்திம்பேருக்கும். இங்கே முழங்கால் வரை பனி, மூவருக்கும் ஜலதோஷம், மற்றபடி குறையில்லை.

கேசட் வந்தது. ஆனால் நம் ஊர் கேசட் இங்கே உள்ள எந்திரத்தில் ஓடாது. பதிகிற முறையே வேறு. இந்த ஊர் முறைக்கு மாற்றிப் பதிய வேண்டும். கடைத்தெருவில் வீடியோ வாடகைக்கு விடும் மிஸ்டர் வீலர் அதைச் செய்கிறார், அவரிடம் கொடுத்திருக்கிறேன். நல்ல மனிதர், சர்ச்சில் முக்கியஸ்தர். நாங்கள் வீடு மாறியபோது கேட்காமலே வந்து சாமான் தூக்கினார்.

நீ சென்சார் குழுவில் உட்கார்ந்து படம் பார்ப்பதைச் சொன்னேன். சிரித்தார். இங்கே அரசாங்கம் எதையும் வெட்டுவதில்லை, அக்கா. டி.வி.யில்கூட எந்த நிகழ்ச்சி எந்த வயதுக்கு என்று மூலையில் எழுத்துப் போடப் போகிறார்கள், அவ்வளவுதான். முடிவு பார்க்கிறவன் கையில். வீலர் கடையில் குடும்பங்கள் கேட்டுக்கொண்டால் படங்களைச் சுத்தம் செய்து கொடுக்கிறார். முத்தம், உடை மாற்றுவது, படுக்கையறை, கெட்ட வார்த்தை, எல்லாம் போய்விடும். சண்டை இருக்கும், அது இல்லாவிட்டால் கதை புரியாது. இது தணிக்கை இல்லை, வாடிக்கையாளர் விருப்பம். உங்கள் ஊரில் நாலு பேர் இருட்டில் உட்கார்ந்து ஆறு கோடிப் பேருக்காக முடிவு செய்கிறீர்கள். இந்த வித்தியாசத்தை நீ ஒருநாள் உன் பேப்பரில் எழுத வேண்டும்.

அனிருத் இரவில் தூங்குவதில்லை. வஸுமதியும்.

அச்யுதன்


மயிலாப்பூர்
14.1.1997

சிரஞ்சீவி அச்யுதனுக்கு,

மூவருக்கும் ஆசீர்வாதம். ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் வை, மாத்திரையை அப்புறம் தேடு. பொங்கலுக்கு அத்திம்பேர் சர்க்கரையைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்.

உன் மிஸ்டர் வீலரைப் பற்றிப் படித்தேன். போன வாரம் நாங்கள் ஒரு படம் பார்த்தோம். கதாநாயகன் அரிவாளால் வெட்டிக்கொண்டே போகிறான், ரத்தம் கேமராவில் தெறிக்கிறது. குழுவில் ஒருவரும் அசையவில்லை. கதாநாயகி மழையில் நனைந்ததும் நந்தனத்துப் பேராசிரியர் ஒருவர் எழுந்துவிட்டார். "இதை ஆத்துல குழந்தைகளோட உக்காந்துண்டு பார்க்க முடியுமா மேடம்?" என்றார். "கழுத்து அறுபடறதைப் பார்த்துண்டு சாப்பிடலாமா ஸார்?" என்று கேட்டேன். "அது சண்டைதானே!" என்றார். நீ எழுதியதும் அந்த வாக்கியம்தான். எட்டாயிரம் மைல் போய் அதையா கற்றுக்கொண்டாய்?

நாங்கள் ஒன்றை வெட்டச் சொன்னால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தயாரிப்பாளர் மேலே போகலாம், கோர்ட்டுக்கு வரலாம். அப்படி வந்த வழக்குகளை நானே எழுதியிருக்கிறேன். உன் கடைக்காரர் எதை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று யார் கேட்பது?

அது கிடக்கட்டும். கேசட்டை அவர் மாற்றிக் கொடுத்தாரா? பாஞ்சாலி பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். "பேப்பரம்மா, அமெரிக்காக்காரப் புள்ள குளிச்சுதா இன்னா?"

பத்மாசனி


ஒஹாயோ
9.2.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிர் கடுமை. ஆபீஸில் வேலை அதிகம், அதனால் உடனே எழுத முடியவில்லை. அத்திம்பேரை இனிப்புப் பக்கம் விடாதே.

கேசட் இன்னும் தயாராகவில்லை. அதற்கு அவசரமும் இல்லை. வீட்டு டெலிபோனில் கோளாறு, கொஞ்ச நாள் கூப்பிட வேண்டாம்.

அச்யுதன்


மயிலாப்பூர்
21.2.1997

சிரஞ்சீவி அச்யுதனுக்கு,

ஆசீர்வாதம். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு என்ன என்று தெரியவில்லை.

இருபத்தாறு வருஷமாக ஹைகோர்ட்டில் சாட்சிக் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறவள் நான். உன் கடிதத்தில் குளிர் இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது. அனிருத் பெயர் இல்லை. வஸுமதி பெயரும் இல்லை. கோளாறு என்று நீ எழுதிய டெலிபோனுக்கு லஸ் முனை பூத்திலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்தது. நீ எடுத்தாய். "தூங்கறான் அக்கா" என்று வைத்துவிட்டாய். அங்கே அப்போது பகல் பதினொரு மணி. வேலை நாள். நீ ஏன் வீட்டில் இருந்தாய்?

குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? சொல். கெட்ட செய்தியை விட இந்தச் சௌக்கியம்தான் என்னைக் கொல்கிறது.

பத்மாசனி


ஒஹாயோ
8.3.1997

அன்புள்ள அக்காவுக்கு,

வஸுமதியின் நமஸ்காரம். நீங்களும் அத்திம்பேரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுத வரவில்லை. இதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

அனிருத் எங்களிடம் இல்லை. ஜனவரி இருபத்தொன்றாம் தேதி அழைத்துப் போய்விட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய கேசட்டை மாற்றிப் பதியும்போது கடைக்காரர் பார்த்திருக்கிறார். குழந்தையை அடிக்கிறார்கள், புகையில் காட்டுகிறார்கள், இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார். குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒரு பெண்ணும் போலீஸ்காரர் ஒருவரும் வந்தார்கள். அனிருத்தின் துணியை அவிழ்த்துப் பார்த்தார்கள். அவன் இடுப்புக்குக் கீழே நீலமாக மச்சம் இருக்கிறது அல்லவா, பிறந்தபோதே இருந்தது. அதை அடிபட்ட காயம் என்றார்கள். கையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தொப்பி போடாமல் தூக்கிப் போனார்கள் அக்கா, வெளியே அவ்வளவு பனி.

வாரத்தில் இரண்டு நாள், ஒரு ஆபீஸ் அறையில், ஒரு மணி நேரம் பார்க்க விடுகிறார்கள். ஒரு பெண் மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். முதல் நாள் பால் கொடுக்க உட்கார்ந்தேன். இங்கே கூடாது என்றாள். பாலைப் பீய்ச்சி பாட்டிலில் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார்கள், கொடுத்தார்களா தெரியாது.

அந்தக் கேசட்டை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எனக்கே நடுங்கியது. பாஞ்சாலி தட்டுகிறாள், புகை வருகிறது, குழந்தை புகைக்குள் வீறிட்டு அழுகிறது. அதோடு முடிந்துவிடுகிறது. அவள் பேசுவது அவர்களுக்கு என்ன புரியும்?

அந்தக் கேசட் தவறானது, எங்கள் பழக்கம் குழந்தைக்குத் தீங்கு, இனி செய்ய மாட்டோம், வகுப்புக்குப் போகிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டால் குழந்தை சீக்கிரம் வரும் என்று வக்கீல் சொல்கிறார். உங்கள் தம்பி போட்டுவிட்டார். நான் போடவில்லை. இரவெல்லாம் என்னோடு சண்டை. நான் செய்வது சரியா அக்கா? ஏப்ரலில் விசாரணை.

வஸுமதி


மயிலாப்பூர்
18.3.1997

சௌபாக்கியவதி வஸுமதிக்கு,

ஆசீர்வாதம். முதலில் சாப்பிடு. தூங்கு. உன் உடம்பு இப்போது உன்னுடையது மட்டுமில்லை.

கையெழுத்துப் போடாதே.

படம் அப்படி முடியவில்லை. சாம்பிராணிக்குப் பிறகு ஷீலா பால் கொடுப்பது இருக்கிறது. குழந்தை தூங்கி, பாஞ்சாலி "அடங்கிச்சா? அவ்ளோதான், வேல முடிஞ்சிது" என்று சொல்வது வரை இருக்கிறது. ஏறக்குறைய கேசட்டின் பாதி அது. உங்களுக்குக் காட்டியதில் அது இல்லை. வருஷக்கணக்காக வெட்டின படங்களைப் பார்க்கிறவள் நான், வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று உன் கடிதத்தைப் படித்தே தெரிகிறது. அந்தக் கடைக்காரர் வழக்கமாக எதை எடுப்பாரோ அதை எடுத்துவிட்டார். அழுகையையும் தட்டலையும் வைத்துக்கொண்டு, அம்மா பால் கொடுப்பதை ஆபாசம் என்று தூக்கிவிட்டார். மிச்சத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் நடுங்காது? நான் அனுப்பிய முழுக் கேசட் போலீசிடம் இருக்கலாம், ஆனால் அது அந்த ஊர் எந்திரத்தில் ஓடாது. யாரும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். நடுங்கினதோடு நின்றிருப்பார்கள்.



காதரிடம் முதல் பிரதி இருக்கிறது. அமெரிக்க முறைக்கு இங்கேயே தியாகராய நகரில் மாற்றித் தருகிறார்கள். அது தெரிந்திருந்தால் முதலிலேயே செய்திருப்பேன், இத்தனையும் நடந்திருக்காது. ஆனால் ஷீலாவைக் கேட்காமல் அனுப்ப முடியாது. அன்று உனக்காக மட்டும் என்று சொல்லித்தான் எடுத்தோம். நேற்று போய்க் கேட்டேன். கதிரேசன் குதித்தான்.

"எவனோ வெள்ளக்காரன் கோர்ட்டுல ஒக்காந்து எம் பொண்டாட்டியப் பாக்கணுமா? நல்லா கீது மேடம் நியாயம்!"

ஷீலா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "அங்க ஒரு புள்ள பால் இல்லாம கெடக்குது, நீ இங்க ரோசம் பேசிக்கினு கீற. ஜட்ஜுக்கு அம்மா கிடையாதா? குடுத்துடுங்கம்மா, பாக்கட்டும்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். சாயங்காலம் வந்து, "சீக்கிரம் அனுப்புங்க மேடம்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

பாஞ்சாலிக்குச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்லை. சொன்னேன். தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "என்னாலயா பேப்பரம்மா?" என்றாள். ஆயிரம் குழந்தைகளைக் குளிப்பாட்டின கை. அந்தக் கேள்விக்காகவே உன் ஊர்க்காரர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

ராயப்பேட்டையில் எனக்குத் தெரிந்த குழந்தை மருத்துவர் சண்முகசுந்தரம். அந்த நீல மச்சம் நம் குழந்தைகளில் பலருக்கும் இருப்பது, வளர வளர மறையும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சாம்பிராணி வேண்டாம் என்றுதான் தானும் சொல்வதாக அதிலேயே எழுதியிருக்கிறார். இருக்கட்டும், உண்மையை எழுதுகிறவர் பேச்சுக்குத்தான் மதிப்பு. பாஞ்சாலி பேசுவதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் எழுதி, நோட்டரியிடம் சத்தியம் செய்து இணைத்திருக்கிறேன். எல்லாம் இன்று கூரியரில் போகிறது. வக்கீலிடம் நீயே கொடு.

பத்மாசனி


ஒஹாயோ
30.3.1997

அக்காவுக்கு,

நமஸ்காரம். அத்திம்பேர் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

நீ வஸுமதிக்கு அனுப்பிய பார்சலைப் பார்த்தேன். கடிதத்தையும் படித்தேன். எதற்காக நடுவில் வருகிறாய்? நான் கையெழுத்துப் போட்டாயிற்று. அவளும் போட்டிருந்தால் இந்த மாதமே குழந்தை வீட்டுக்கு வந்திருப்பான். நீ எழுதியதைப் பிடித்துக்கொண்டு அவள் மறுக்கிறாள். அவன் வெளியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நீதான் பொறுப்பு.

உனக்கு இந்த ஊர் தெரியாது. அந்தப் பகுதியைக் கோர்ட்டில் போட்டால் இன்னும் மோசமாகும். முன்பின் தெரியாத ஒரு பெண் மாராப்பை விலக்கிப் பால் கொடுப்பதை இவர்கள் முன்னால் எப்படிக் காட்டுவது? என் ஆபீஸ்காரர்கள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். நான் இங்கே வாழ வேண்டும். நம் ஆட்களுக்கு எதைப் படமெடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று தெரியாதா? உன்னிடம் குளிப்பாட்டுவதைத்தானே கேட்டோம்?

அந்தக் கேசட்டைத் திருப்பி அனுப்பிவிடு என்று அவளுக்கு எழுது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அச்யுதன்


ஒஹாயோ
26.4.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். அத்திம்பேருக்கும் ஷீலாவுக்கும் பாஞ்சாலிக்கும் சொல்லுங்கள். அனிருத் என் பக்கத்தில் படுத்திருக்கிறான்.

நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். விசாரணை முடியட்டும் என்று இருந்தேன். அவர் எழுதியிருப்பார் என்று தெரியும். நான் கேசட்டைத் திருப்பி அனுப்பவில்லை, வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.

மூடிய அறையில் விசாரணை. நீதிபதி வயதானவர். முதலில் கடைக்காரர் பதிந்ததைப் போட்டார்கள். பிறகு காதர் பதிந்தது. ரோஜாப்பூ கொட்டியது, நாதஸ்வரம் வந்தது, எனக்கு அழுகையும் சிரிப்பும். ஷீலா வந்ததும் நலத்துறைப் பெண் குனிந்து கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். நீதிபதி பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். "கேமரா ஏன் அசையவே இல்லை?" என்று கேட்டார். உங்கள் கடிதத்தில் இருந்ததை நான் சொன்னேன், எடுத்தவர் அப்போது சுவரைப் பார்த்து நின்றார் என்று. அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு மிஸ்டர் வீலரிடம், இந்தப் பகுதியை எதற்காக வெட்டினாய் என்று கேட்டார். அக்கா, இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

அவர் சொன்னார்: நானாக வெட்டவில்லை. கேசட்டைக் கொடுக்கும்போதே குழந்தையின் அப்பா இவர்தான் சொன்னார். முடிவில் ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், எங்கள் ஊரில் அக்கா விவரம் தெரியாமல் படம் எடுத்துவிட்டாள், நீங்கள் பார்க்க வேண்டாம், அந்த இடம் வந்ததும் வெட்டிவிடுங்கள் என்று இவர்தான் கேட்டுக்கொண்டார். அதனால் புகையோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று இன்றுதான் பார்க்கிறேன்.

அப்படிச் சொல்லிவிட்டுக் கடைக்காரர் அழுதார். கெட்டவர் இல்லை அக்கா. எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதம், அக்கா. அந்தக் கேசட் அறுந்து நிற்கிறது என்று உங்கள் கடிதம் வந்ததும் அவரிடம் கத்தினேன். அப்போதும் சொல்லவில்லை.

மருத்துவர் கடிதத்தை இங்கே உள்ள டாக்டரும் சரி என்றார். அன்று மாலையே குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள். வருகிற வழியில் வீலர் கடை ஜன்னலில் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு ஒருவன் நிற்கிற ஆளுயரப் படம் இருந்தது. ஒரு சின்னப் பெண் அதற்குக் கை கொடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

அனிருத் என் முகத்தைப் பார்த்து அழுகிறான். பழகிவிடும் என்கிறார்கள். ஜூனில் அவனோடு சென்னைக்கு வருகிறேன். அவர் வரவில்லை.

வஸுமதி


ஒஹாயோ
1.6.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். அத்திம்பேரின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? சென்னையில் தண்ணீர்க் கஷ்டமா? வஸுமதி ஏழாம் தேதி வருகிறாள். குழந்தைக்குக் காய்ச்சின தண்ணீர் கொடுக்கச் சொல்.

காதரிடம் இருக்கும் மூலப் பிரதியை அழித்துவிடச் சொல். எல்லாம் முடிந்துவிட்டது.

அச்யுதன்


மயிலாப்பூர்
29.6.1997

அச்யுதனுக்கு,

ஆசீர்வாதம். அத்திம்பேரின் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, காரணம் நீ. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. காய்ச்சித்தான் கொடுக்கிறோம். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாயிற்று. இனி நீ கேட்காதது.

கேசட்டை அழிக்க மாட்டேன். அது உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ஷீலாவுடையது. அவளிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதமாக மனதுக்குள் உன் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன். துப்பாக்கியால் சுடுவதைக் குடும்பத்தோடு பார்க்கலாம், குழந்தை பால் குடிப்பதைப் பார்க்கக் கூடாது என்கிற ஊர். வஸுமதி கடிதம் வந்த பிறகு பார்த்தால், அந்த மனிதரிடம் போய் வெட்டச் சொன்னது மயிலாப்பூரில் பிறந்த என் தம்பி. உனக்கு எட்டு மாதம் இருக்கும்போது அறுபத்துமூவர் கூட்டத்தில் மாட வீதியில் உட்கார்ந்து அம்மா உனக்குப் பால் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஆயிரம் பேர் போனார்கள். ஒருவரும் நின்று பார்க்கவில்லை, ஒருவரும் அவளை எழுந்து போகவும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத பெண் என்று எழுதினாயே, அவள் உன் பிள்ளைக்காகப் புருஷனோடு சண்டை போட்டவள். நீ போட்டாயா?

நீ வெட்டச் சொன்னதைக்கூட விடுகிறேன். ஊர்ப் பயம், போகட்டும். ஆனால் வெட்டின இடம் எது என்று தெரிந்த ஒரே ஆள் நீதான். குழந்தை போன அன்றே, "இதற்கு மேல் இருக்கிறது, நான்தான் வெட்டச் சொன்னேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவன் ஜனவரியிலேயே வீட்டுக்கு வந்திருப்பான். மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு, எனக்குக் குளிர் கடுமை என்று எழுதினாய். பொறுப்பு நான்தான் என்றும் எழுதினாய்.

போன வாரம் பிரிவியூ தியேட்டரில் ஒரு படம். புயலில் வீடிழந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள், ஒரு பெண் மூலையில் பால் கொடுக்கிறாள். பேராசிரியர் எழுந்துவிட்டார். "உக்காருங்கோ ஸார். உங்களுக்குக் கூச்சமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கோ. எனக்குத் தெரிஞ்ச வீடியோக்காரர் அப்படித்தான் செஞ்சார். படத்துல கை வைக்காதேங்கோ" என்றேன். கத்திவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். காட்சி படத்தில் அப்படியே இருக்கிறது.

நேற்று பாஞ்சாலியை அழைத்தேன். அவள் இந்த வீட்டுப் பக்கம் வந்தே மூன்று மாதமாகிறது. நடந்ததை வஸுமதியே சொன்னாள். "புள்ளயோட நைனாவா அப்டிச் சொன்னாரு?" என்று ஒருமுறை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. அனிருத்தைத் தூக்கிப் பார்த்து, "ஏழு மாசம் ஆயிடுச்சு, உக்கார்றான். கால்ல போட்டு ஊத்துற வயசு தாண்டிப் போச்சு" என்றாள். பிறகு, "பரவால்ல, ஒரு தபா போட்டுடலாம். இல்லன்னா எனக்குக் கணக்கு தீராது" என்று மணையில் உட்கார்ந்துவிட்டாள். உன் பிள்ளை அவள் காலில் நிற்கவில்லை. புரண்டு, செம்பைத் தட்டிவிட்டு, தண்ணீர் அவள் மேலே கொட்டியதும் சிரித்தான். முதலில் பயந்து பயந்து தொட்டவள் அப்புறம்தான் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

காதரையும் வரச் சொல்லியிருந்தேன். காசு வேண்டாம் என்று கேமராவோடு வந்தார். குளித்து முடித்துத் துவட்டி, வஸுமதி மடியில் வாங்கிக்கொண்டதும், அவர் பழக்கத்தில் கேமராவை நிறுத்திவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"திரும்ப வேண்டாம் பாய், கேழ்வரகுக் கஞ்சிதான்" என்றாள் வஸுமதி. "பால் மார்ச்சிலேயே வத்திப் போச்சு."

காதர் அதைக் கேட்டும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கிண்ணம் காலியாகும்வரை சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

அதுவும் கேசட்டில் இருக்கிறது. தபாலில் வராது. பார்க்க வேண்டுமென்றால் வா. கடைசி வரை ஓட்டுவேன், நீ உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பத்மாசனி